குளத்துப் பாசி விழுங்கிய நஞ்சு எங்கே போகிறது?

போன பங்குனிக் கடைசியில் எங்கள் ஊர்க் குளம் ஒரே வாரத்தில் பச்சை வர்ணம் பூசிக்கொண்டுவிட்டது. எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிப் பாசனத்தில் இருக்கிறது. மாசியோடு ஆற்றில் தண்ணீர் நின்றுவிடும். பிறகு மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்வரை ஆடு மாடு குளிப்பாட்ட, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தக் குளம்தான். மீனும் அதில்தான். வருஷா வருஷம் ஏலம் விட்டுப் பிடிப்பார்கள்.

அப்போது என் மகள் ஏழாம் மாசம் சீமந்தம் முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்தம் குறைச்சலாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்கோ எங்கள் குளத்து விரால் குழம்பு என்றால் உயிர்!

இந்த நேரம் பார்த்துத் தெருப் பையன்கள் நோட்டும் கையுமாக வந்து நின்றார்கள்.

"அத்தை, வீட்டுக்கு இருநூறு ரூபா. ரெண்டு மூட்டை மயில்துத்தம் வாங்கிக் கரைச்சு விட்டா மூணே நாள்ல குளம் கண்ணாடி மாதிரி ஆயிடும்."

கொடுத்திருப்பேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் ஒருமுறை வசூல் செய்தபோது முதலில் கொடுத்தவள் நான்தான். அந்தத் தடவையும் பாசி செத்தது. கூடவே மூன்றாம் நாள் காலையில் குளம் முழுக்க மீன் வயிறு தெரிய மிதந்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அந்த ஞாபகத்தில், "நாளைக்கு வாங்கப்பா" என்று அனுப்பிவிட்டு, லீவுக்கு வந்திருந்த என் கொழுந்தனார் மகளைக் கூப்பிட்டேன். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறவள்.

"துத்தம் போடறது சரியா, தப்பா? நேரா சொல்லு."

"நேரா சொல்ல முடியாது பெரியம்மா. முதல்ல அடுப்பங்கரைக்கு வாங்க" என்றாள்.

பித்தளைச் செம்பும் புளியும்

பரணில் இருந்த பித்தளைச் செம்பைக் காட்டினாள்.

"இதுல தண்ணி வச்சுக் குடிச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? எங்க மாமியார் காலம் முழுக்க அதுலதானே குடிச்சாங்க."

"ஈயம் பூசாத பித்தளையில புளிக்குழம்பு வச்சா?"

"களிம்பு ஏறிடும். குமட்டும், வாந்தி வரும்."

"ரெண்டு தடவையும் பாத்திரத்துல இருக்கிற செம்பு அதே செம்புதான். புளி கரைச்சு விட்ட செம்புதான் உடம்புல ஏறுது. அதனால, எவ்வளவு உலோகம் இருக்குங்கறது ஒரு கேள்வி. அதுல எவ்வளவு உயிருக்குள்ள ஏறும்ங்கறது வேற கேள்வி. குளத்து விஷயமும் இதேதான். அங்கே புளிக்குப் பதிலா, ஈயப்பூச்சுக்குப் பதிலா, ரெண்டு வேலையையும் பாசி செய்யுது."

வாசக சகோதரிகளே, அன்றைக்கு அவள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

கிராமத்துக் குளத்தில் உலோகம் ஏது?

எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் தொழிற்சாலையா இருக்கிறது?

கணக்கெடுத்துப் பார்த்தால் நாமே கொண்டுபோய்ப் போடுவது கொஞ்சமல்ல. பிள்ளையார் சதுர்த்திக்கு வர்ணம் பூசிய பிள்ளையாரைக் கரைக்கிறோம். பழைய பளபளப்பு வர்ணங்களில் காரீயமும் குரோமியமும் உண்டு. இதனால்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-ல் சிலை கரைப்பதற்கு விதிமுறை வகுத்து, 2020-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திக் கரைத்ததெல்லாம் சேற்றில்தானே இருக்கும்?

வயலுக்கு அடிக்கும் பூஞ்சாண மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கிறது. தெளிப்பானைக் குளத்தில் கழுவுகிறோம். பாஸ்பேட் உரத்தில் காட்மியம் என்ற உலோகம் துளித்துளியாகக் கலந்திருக்கும், ஏனென்றால் உரம் செய்கிற பாறையிலேயே அது இருக்கிறது. முன்பு போட்ட மயில்துத்தமும் செம்புதான்.

மேலேயிருந்து வருவதும் உண்டு. திருப்பூர் சாயக்கழிவு நொய்யலாற்றில் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகவே மாறிப் போயிற்று. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அந்த நொய்யல் கரூர்ப் பக்கம் காவிரியில்தான் கலக்கிறது. உலோகங்கள் பெரும்பாலும் மெல்லிய வண்டலில் ஒட்டிக்கொண்டுதான் ஆற்றில் பயணம் செய்யும். வண்டல் வந்து படிகிற இடத்துக்குத்தானே டெல்டா என்று பெயர்!

பாசி செய்யும் நாலு வேலை

பாசி என்றால் நமக்கு வழுக்கி விழ வைக்கும் அழுக்கு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கும்பிட்டுப் படித்தவர்களும் நம் ஊரில் இருந்தார்கள். இந்தியப் பாசி ஆராய்ச்சிக்குத் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அதே பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ல் வெளியிட்ட பெரிய புத்தகம் உலகம் முழுவதும் உபயோகத்தில் இருந்தது. நெல் வயலில் உள்ள நீலப்பச்சைப் பாசி காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது என்று பி.கே. டே என்ற இந்திய விஞ்ஞானி 1939-லேயே எழுதினார். ஆக, பாசி நமக்கு விரோதி அல்ல.

நஞ்சு உலோகத்தை அது என்ன செய்கிறது?

முதலாவது, ஒட்டவைத்துக்கொள்கிறது. பாசியின் மேல்தோல் தண்ணீரில் கரைந்த உலோகத்தைப் பருத்திப் புடவை சாயத்தைப் பிடிப்பதுபோல் பிடிக்கும். சில நிமிஷங்களில் நடந்துவிடும். செத்த பாசிகூட இதைச் செய்யும்.

இரண்டாவது, உள்ளே இழுக்கிறது. இது மெதுவாக, மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கும். துத்தநாகம், சுண்ணாம்புச்சத்து போன்றவை பாசிக்கு வேண்டும். அவை நுழையத் தோலில் வாசல்கள் உண்டு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகச் சம்பந்தமில்லாத ஆளும் பந்திக்குள் நுழைந்துவிடுகிற மாதிரி, காட்மியம் அந்த வாசல்வழியே புகுந்துவிடும். ஆர்சனிக்கும் அப்படித்தான். அது மணிச்சத்து மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நுழையும்.

மூன்றாவது, பாசி தண்ணீரில் ஒருவிதக் கொழகொழப்பைக் கக்குகிறது. அந்தக் கொழகொழப்பு முக்கியமாகச் செம்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். தண்ணீரில் செம்பு இருக்கும், ஆனால் யாருடைய உடம்பிலும் சுலபத்தில் ஏறாது.

நான்காவதுதான் வேடிக்கை. வெயிலில் பாசி தன் உணவைச் சமைக்கும்போது தண்ணீரின் புளிப்புத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. மத்தியான வேளையில் காரீயம், செம்பு, காட்மியம் எல்லாம் கரைய முடியாமல் சேற்றுக்குள் இறங்கும். ராத்திரி, அல்லது பாசி அழுகும்போது, நிலைமை தலைகீழ். காரம் குறையும், பிராணவாயு குறையும். இறங்கியதில் ஒரு பங்கு மறுபடி மேலே வரும். பகலில் ஈயப்பூச்சு, இரவில் புளி!

"அப்ப பாசி நல்லதுதானேடி செய்யுது? நஞ்சைத் தின்னுடுது!" என்றேன்.

"தின்னு செரிச்சுடலே பெரியம்மா. சோறு செரிக்கும், உலோகம் செரிக்காது. செம்பு செம்பாவேதான் இருக்கும். பாசி அதை எடுத்து ஒளிச்சு வைக்குது. அவ்வளவுதான்."

எனக்கு எங்கள் மாமியாரின் அஞ்சறைப்பெட்டி ஞாபகம் வந்தது. கடுகுக்கும் வெந்தயத்துக்கும் அடியில் ரூபாய் நோட்டை மடித்து வைத்திருப்பார். மாமனார் சட்டைப் பையைத் துழாவினால் காலி. ஆனால் பணம் வீட்டை விட்டுப் போகவில்லையே! பாசி படர்ந்த குளத்தில் தண்ணீரை மட்டும் சோதித்துப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்று சொல்வது சட்டைப் பையைத் துழாவுவது மாதிரிதான்.

பாசியிலிருந்து மீனுக்கு

ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கிறவர்கள் யார்? பாசியைத் தின்னும் நுண்ணிய பூச்சிகள், நத்தைகள், மீன் குஞ்சுகள். இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பாசியின் தோலில் ஒட்டியிருந்த உலோகத்தில் பெரும்பங்கு தின்ற பிராணியின் கழிவோடு வெளியே போய்விடும். பாசியின் உள்சாற்றில் கலந்துவிட்ட உலோகம்தான் தின்ற உடம்பில் தங்கும்.

இதில் மிகவும் பொல்லாதது பாதரசம். காற்றில்லாத சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. இது பாசியின் உள்சாற்றுக்கே போய்விடும் ஜாதி. தண்ணீரில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு, சில சமயம் லட்சம் மடங்குகூடப் பாசியில் சேரும். பாசியிலிருந்து பூச்சி, பூச்சியிலிருந்து கெண்டை, கெண்டையிலிருந்து விரால் என்று அதற்கப்புறம் ஏறுவதெல்லாம் சில மடங்குகள்தான். முதல் பெரிய தாவல் பாசியில்தான் நடக்கிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக் கழிவிலிருந்து வந்த இந்தப் பாதரசம் கடல் மீன் வழியாக ஏறி, தாய்க்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாமலே வயிற்றுக் குழந்தையின் மூளையைத் தாக்கியது. 1956-ல் அந்த நோய் வெளியில் தெரிந்தது. நம் தமிழ்நாட்டிலேயே கொடைக்கானலில் உஷ்ணமானி செய்த தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-ல் மூடப்பட்டது. ஏரி மீனிலும் பாதரசம் உண்டா என்று விஞ்ஞானிகள் தேடிப் பார்க்கவேண்டி வந்தது.

எங்கள் குளத்தில் பாதரசம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் பெரிய விராலாகப் பொறுக்கி எடுத்துக் குழம்பு வைப்பது எல்லாக் குளத்துக்கும் பொருந்தாது என்கிறேன்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். பாசி ஏகமாகப் பெருகும்போது, அதே அளவு நஞ்சு கோடிக்கணக்கான பாசிகளுக்குப் பங்காகிவிடுகிறது. ஒரு படிப் பாயசத்தை ஊருக்கே ஊற்றினால் ஆளுக்கு ஒரு சொட்டுத்தானே? அப்போது பாசி தின்னும் பூச்சிக்குப் போய்ச் சேரும் பாதரசம் குறைகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அத்தனை பாசியும் ஒரே நாளில் செத்தால்?

துத்தம் போட்டால் என்ன ஆகும்?

இப்போது பையன்கள் கேட்ட விஷயத்துக்கு வருவோம். மயில்துத்தம் பாசியைக் கொல்வதே அதிலுள்ள கட்டில்லாத செம்பினால்தான். காரத்தண்ணீரிலும், சேறும் கொழகொழப்பும் மிகுந்த தண்ணீரிலும் அந்தச் செம்பு கட்டுப்பட்டுவிடும். ஒரு குளத்தில் ஒரு கிலோ செய்கிற வேலையை இன்னொரு குளத்தில் நாலு கிலோ செய்யாது. "சாகலையே, இன்னும் ஒரு மூட்டை கொட்டு" என்று கொட்டுவோம். கொட்டிய செம்பு அவ்வளவும் சேற்றில் நிரந்தரமாகக் குடியேறும்.

பாசி கூட்டமாகச் செத்தால் அது அழுகத் தண்ணீரிலிருக்கும் பிராணவாயு முழுவதும் செலவாகிவிடும். செம்பு மிச்சம் வைத்த மீனும் மூச்சுத் திணறிச் சாகும். அன்றைக்கு மீன் மிதந்ததன் ரகசியம் எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிந்தது. ஒளித்து வைத்த உலோகமும் அழுகலோடு வெளியே வரும்.

அதோடு, சில நீலப்பச்சைப் பாசிகள் தாமே விஷத்தை உள்ளே வைத்திருக்கும். செத்தால் அதைத் தண்ணீரில் கொட்டிவிடும். கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. ஆஸ்திரேலியாவில் பாம் தீவு என்ற இடத்தில் 1979-ல் குடிநீர்த் தேக்கத்தில் பாசி பிடித்ததென்று துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 140 பேருக்கு மேல், பெரும்பாலும் குழந்தைகள், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுப் படுத்துவிட்டார்கள். நல்லது செய்வதாக நினைத்துச் செய்த காரியம்!

கடைசி வாசல் நம் வயிறு

நெல் விளையும் ஊர்க்காரியாதலால் இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில், மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியம் வயலில் படிந்து நெல்லில் ஏறியது. எலும்பு மெலிந்து, தும்மினால்கூட முறியும் அளவுக்கு வலி. நோயின் பெயரே "இத்தாய் இத்தாய்". "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று அர்த்தம். 1968-ல் அரசாங்கம் அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அதில் மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? பல பிள்ளை பெற்ற, நடுவயது தாண்டிய பெண்கள்!

அங்கே குற்றவாளி பாசி அல்ல, சுரங்கம். ஆனால் ஒரே சோற்றைச் சாப்பிட்டும் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால், இரும்பை இழுக்கக் குடலில் உள்ள வாசல்கள் அகலத் திறந்துகொள்ளும். அந்த வாசல்வழியே காட்மியமும் காரீயமும் கூடுதலாகப் புகுந்துவிடும். பாசியின் வாசலில் நடந்த அதே கதை! 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. என் மகளும் அந்தப் பாதியில் ஒருத்தி.

நாங்கள் செய்தது

பையன்கள் மறுநாள் வந்தார்கள். என் கொழுந்தனார் மகள் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்கு எல்லாம் சொன்னாள். "துத்தம் வேண்டாம்னா பாசியை என்னதான் செய்யறது?" என்று ஒருவன் கோபமாகக் கேட்டான். நியாயமான கேள்வி.

நூல்பாசியைக் கழியாலும் வலையாலும் வாரி எடுத்தோம். மேலே ஏடுபோல் மிதந்த நீலப்பச்சைப் பாசியைத் துணி கட்டி ஒதுக்கி, கையில் உறை போட்டு அள்ளினார்கள். செத்துச் சேற்றில் விழுவதற்கு முன்னே உயிரோடு வெளியே எடுத்தால், அது பிடித்து வைத்திருக்கும் உலோகமும் கூடவே வெளியேறும். வாரியதைத் தோட்டத்துக்கு எருவாகக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. குளத்துக்கு வெகு தூரத்தில், புறம்போக்கு மேட்டில் குழி வெட்டி மூடினோம்.

பாசி ஏன் வந்தது என்பதையும் பார்த்தோம். நாலைந்து வீட்டுச் சாக்கடை நேரே குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரும் சாணமும்தான் பாசிக்கு விருந்து. அதில் எங்கள் வீட்டுச் சாக்கடையும் ஒன்று என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இப்போது கொல்லையில் உறிஞ்சு குழி வெட்டி வாழை வைத்திருக்கிறோம். ஆவணியில் பிள்ளையாரை வர்ணம் பூசாத களிமண்ணில் பிடித்து வாளியில் கரைத்தோம்.

குளம் கண்ணாடி மாதிரி ஆகிவிடவில்லை. சேற்றில் இருப்பது அங்கேதான் இருக்கிறது. ஆனால் மீன் மிதக்கவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* குளத்தில் பச்சை ஏடு மிதந்தால் குழந்தைகளையும் மாடுகளையும் இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்காதீர்கள்.

* யாரையும் கேட்காமல் மயில்துத்தம் கொட்டாதீர்கள்.

* பட்டறைக் கழிவோ வர்ணச் சிலையோ விழுந்த குளத்தின் பாசியையும் வண்டலையும் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள்.

* அப்படிப்பட்ட குளத்து மீனானால் குடல், ஈரல் இவற்றை முழுக்க நீக்கிவிடுங்கள். நத்தையைத் தவிர்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பெரிய ஊனுண்ணி மீனைவிட மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன் நல்லது.

* சத்துக்காகச் சுருள்பாசி மாத்திரை வாங்குகிறவர்கள், உலோகச் சோதனை செய்து விற்பதையே வாங்குங்கள். தான் வளரும் தண்ணீரில் உள்ளதை அதுவும் பிடித்துக்கொள்ளும்.

* டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். கீரையோடு எலுமிச்சம்பழம் சேருங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம்.

என் மகளுக்கு அந்த மாசம் நாகப்பட்டினத்து மத்திக் குழம்புதான். "விரால் எப்பம்மா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "உன் பிள்ளைக்கு விவரம் தெரியறதுக்குள்ள இந்தக் குளத்தைச் சரி பண்ணிடறோம்டி" என்றேன். சொல்லிவிட்டேன். இனிமேல் செய்து காட்டவேண்டும்.